மீற்றர் வாசிப்பவனின் வரைபு

முதலில் கடலை அழித்தேன்.
அது எந்தச் சந்தியையும் எந்தச் சந்தியோடும் சேர்ப்பதில்லை;
மூதூர் லோஞ்ச் என் பகுதிக்குள் வராது.
பிறகு கோணமலை.
பிறகு ஏற்றம், இறக்கம், கருவாட்டு மணம்,
பேக்கரி வாசலில் படுத்திருந்து
என் வலது காலை மட்டும் குறி வைக்கும் நாய்.
மான்களை அழிக்கத் தேவையிருக்கவில்லை,
அவை எந்தக் கோட்டிலும் நடப்பதில்லை.

பில் புத்தகத்தின் பின்மட்டையில்
மிஞ்சியவை பதினேழு புள்ளிகள்,
இருபத்துநாலு கோடுகள்.

"சிலந்தி வலையா?" என்றாள் றிஸ்மியா,
லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்கி.
மனையாவெளி என்றேன்.
"அப்ப எங்கட வீட்டைக் காட்டுங்க பாப்பம்."

வீடு இதில் இல்லை.
ஒரு கோடு முந்நூறு யாராக இருக்கலாம்,
மூன்றே மூன்று வாசலாகவும் இருக்கலாம்.
வளைத்துக் கீறு, நிமிர்த்திக் கீறு,
ஊரைத் தலைகீழாய்ப் பிடி,
அது மாறாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்:
எது எதைத் தொடுகிறது.

எனக்கு வேண்டியதும் சின்ன விஷயம்.
கந்தோரில் புறப்பட்டுக் கந்தோருக்கே திரும்ப வேணும்,
எல்லாத் தெருவும் ஒருதரம்,
எந்தத் தெருவும் இருதரம் இல்லை.
கணிதத்தில் ஆசை வர
முழங்கால் வலி போதுமான காரணம்.

ஒரு சந்திக்குள் போனால் வெளியே வர வேணும்.
போக ஒரு கோடு, வர ஒரு கோடு,
ஆகவே எல்லாம் சோடி சோடியாய் நிற்க வேணும்.
எண்ணினேன். மடத்தடிப் பக்கம் நாலு,
கந்தோர் வாசல் இரண்டு, அரசடி நாலு...
பதினைந்து புள்ளிகள் நல்ல பிள்ளைகள்.

சிப்பி ஒழுங்கையின் வாயில் மூன்று.
சிப்பி ஒழுங்கையின் முடிவில் ஒன்று.

ஒற்றை தனியாய் வராது.
கோட்டுக்கு எப்போதும் இரண்டு நுனி;
ஒரு புள்ளியில் கணக்குப் பிசகினால்
இன்னொரு புள்ளி எங்கோ பிசகியிருக்கும்,
தேடிப் பார்.

ஒழுங்கை முடிவில் ஒரே வீடு, இலக்கம் பதினொன்று.
கணக்குப் பெயர்: சீ. இராசமலர்.
ஏழு வருடமாய் மீற்றரில் 0417.
மாதாமாதம் போகிறேன், குனிகிறேன்,
0417 என்று எழுதுகிறேன்,
போன கோட்டிலேயே திரும்பி வருகிறேன்.

துண்டிப்புப் படிவம் நிரப்பி
மேலதிகாரி ஒப்பமும் வாங்கியாயிற்று.
அன்று பின்னேரம் அந்தக் கோடு இல்லாமல் கீறினேன்:
பதினாறு புள்ளி, இருபத்துமூன்று கோடு.
பென்சிலைத் தூக்கவில்லை.
தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது.
"இன்னொருக்காக் கீறுங்க" என்றாள் றிஸ்மியா.
கீறினேன். பார்க்க
இப்போதுதான் கழுவிக் கவிழ்த்த கோப்பை போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைசி வாசிப்பு.
படிவம் சட்டைப் பையில்.
கண்ணாடியில் தூசி துடைத்தேன்.

0418.

ஒரு அலகு. ஆயிரம் லீற்றர்.
பூட்டு அதே பூட்டு, துரு அதே துரு.
கம்பிக் கேற்றினூடாகப் பார்த்தால்
குழாயடியில் மண் நனைந்திருக்கிறது,
ஈரத்தில் மான் குளம்பு,
குளம்பின் மேல் பாதிச் செருப்புத் தடம்,
அல்லது செருப்பென்று நான் நினைத்தது.
கசிவா? ஆளா?
"வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டேன்.
மதிலுக்கு அப்பால்
நான் அழித்த கடல் இரைந்தது.

படிவத்தை நாலாய் மடித்தேன்.
எழுதினேன்: 0418.
வந்த கோட்டின் மேலேயே
முழங்கால் முனக
திரும்பி நடந்தேன்.

"என்ன, கணக்குச் சரி வந்ததா?" என்றாள் றிஸ்மியா.
ஒன்று கூடியிருக்குது என்றேன்.