தண்ணீர்க் கணக்கு

செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும்.
எங்கள் வீட்டுக்குப் பத்துக் குடம்:
பச்சை நாலு, நீலம் ஐந்து,
வாய் உடைந்த ஆரஞ்சு ஒன்று.
மறுநாள் விடிவதற்குள்
ஆறு குடம் பெனிட்டாவின் கைகளுக்கே போயிருக்கும்.

"உன் பொண்ணு தண்ணியக் குடிக்குதா, திங்குதா?"
பக்கத்து வீட்டுச் சரசு கேட்டாள்.
ஹவுசிங் போர்டு சுவர்,
இரவு இரண்டு மணிக்குச் சோப்பு நழுவினால்
இரண்டு வீடும் விழிக்கும்.

நான் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவன்.
வஞ்சிரத்தின் மேலும் பாறையின் மேலும் கொட்டிவிட்டு
வெயில் ஏறித் திரும்பினால்
என் சட்டையைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போவாள்.
பதிமூன்று வயது.
போன வருஷம் வரை இதே சட்டையைப் பிடித்துக்கொண்டு
சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவள்.

அதட்டினேன்.
சோப்பை ஒளித்தேன்; துணித்தூளில் தேய்த்தாள்.
தூளை ஒளித்தேன்; பிரஷ்ஷை எடுத்தாள்.
தர்காவில் மந்திரித்த கயிறு கட்டினோம்;
கயிற்றையும் கழுவினாள்.

ஒருநாள் அறைந்தேன்.
அறைந்த கன்னத்தைப் பன்னிரண்டு முறை கழுவினாள்.
அன்றுதான் எண்ணினேன்.
நடுவில் யாராவது கூப்பிட்டால்
திரும்ப ஒன்றிலிருந்து.

ஸ்டான்லியில் டோக்கன் முப்பத்தேழு.
எதிர் பெஞ்சில் யூனிஃபார்மோடு ஒரு பையன்
மூன்று மணி நேரமும் தரையையே பார்த்தான்.
அவன் அம்மா என்னிடம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள்,
எதுவும் கேட்காமல்.

"கழுவலேன்னா என்ன ஆகும்?"
டாக்டர் அவளிடம்தான் கேட்டார்.
ரொம்ப நேரம் கழித்து
என்னைக் காட்டினாள்.
"அப்பா செத்துடுவாரு."

ஏழு மாதமாக
என்னைச் சாகாமல் வைத்திருக்கத்தான்
தோல் உரியத் தேய்த்திருக்கிறாள்.
நான் குடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை உண்டு, புதன்தோறும் பேச்சு உண்டு.
எனக்கும் வீட்டுப்பாடம் தந்தார்கள்:
அதட்டக் கூடாது.
ஒன்றும் ஆகாது என்று நூறு தடவை சொல்லவும் கூடாது.
பயம் ஏறும், தானாக இறங்கும்,
அதுவரை பக்கத்தில் இருங்கள்.
அலை மாதிரி என்றார்.
காசிமேட்டுக்காரனிடம்.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்கிறோம்.
என் ஐஸ் சாக்கை ஒரு விரலால் தொடுவாள்.
அந்த விரலை மட்டும்
வேறு யாருடையதோ போலத்
தள்ளிப் பிடித்துக்கொள்வாள்.
போனில் நேரம் ஓடும்.
முதல் நாள் நாற்பது விநாடி.
"நான் சாக மாட்டேன்டி" என்று சொல்ல
நாக்கு துடிக்கும். கடிப்பேன்.
எப்படியும் அது பொய்தானே.

நேற்று பதினோரு நிமிஷம்.
முழங்காலில் முகம் புதைத்து,
வியர்த்து, ஒரு தடவை என் பெயரைச் சொல்லித் திட்டி,
பதினொன்று.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
"எவ்ளோ ஆச்சு?" என்றாள் சரசு.
சொன்னேன்.

இன்று மூன்றுதான்.
எழுந்து ஓடிவிட்டாள்.
உள்ளே ஆரஞ்சுக் குடம் சாயும் சத்தம்.
சாக்கை மடித்து வைத்துவிட்டு
படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்,
அவள் வெளியே வந்தால்
இருக்க வேண்டும் அல்லவா
உயிரோடு
ஒரு ஆள்.