சும்மா இருப்பதன் செலவு

தூங்கத் தெரிந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மார்ச் ரோட்டில், மூன்றாம் மாடியில்.
ஜன்னலுக்கு வெளியே ஒட்டாவா
மைனஸ் இருபத்தாறில் விறைத்துக் கிடக்க
அரிசிமணியில் பாதி அகலச் சில்லுக்கு
உறங்கும் முறை எழுதுகிறேன்.
எந்த அறையில் விளக்கை அணைப்பது,
எந்த அறையில் திரியை மட்டும் தாழ்த்துவது,
விடிந்தால் யாரை முதலில் எழுப்புவது.
கோழித் தூக்கம் அது. ஒரு காது திறந்தே இருக்கும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
விழித்து
மேப்பிள் பால் ஓடும் குழாயின் அழுத்தத்தைத் தொட்டுப் பார்த்து
எட்டே பைட்டில் சேதி சொல்லிவிட்டு
திரும்பப் படுக்க வேண்டும்.
ஒரு நாளின் விழிப்பையெல்லாம் கூட்டினால்
இரண்டு நொடி.
மிச்சப் பொழுதில்தான் பேட்டரி சாகிறது.

சும்மா இருப்பது
சும்மா வருவதில்லை.

லானார்க் பக்கம் மேப்பிள் தோப்பு வைத்திருக்கும்
டங்கன் மெக்வாரி கேட்டது ஒன்றே ஒன்று:
"மரத்தில் கட்டிவிட்டு இதை நான் மறந்துவிடலாமா?"
"பத்து வருடம்" என்றேன்.
அப்போது முதல் சில்லு பிறந்திருக்கவே இல்லை.

ஜனவரியில் தைவானிலிருந்து வந்து சேர்ந்தது.
தூக்கத்தில் முந்நூறு நானோ ஆம்பியர் குடிக்கலாம்
என்பது ஒப்பந்தம்.
முந்நூற்று நாற்பத்தேழு குடித்தது.

நாற்பத்தேழு.
எந்த வீட்டு மின்கட்டணத்திலும்
அதை எழுத இடம் இருக்காது.
எனக்கு மூன்று வாரம் தூக்கமில்லை.

ஒலெக்சாந்த்ரா வரைபடத்தைத் திரை கொள்ளாமல் பெரிதாக்கி
ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள்.
எல்லாம் சாத்தியிருந்தது.
திங்கள்கிழமைக் கூட்டத்தில்
"திருத்தி மறுபடி வார்க்க எவ்வளவு ஆகும்?" என்றார்கள்.
தொகையைச் சொன்னேன்.
அதன்பிறகு அந்த அறையில் யாரும் காப்பியைத் தொடவில்லை.

ஒரு வியாழன் இரவு, பதினொன்றரை,
பலகைமேல் குனிந்தேன்.
முந்நூற்று அறுபது.
நிமிர்ந்தேன், இறங்கியது.
குனிந்தேன், ஏறியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.
அசையவில்லை.
ஊதினேன்.
நானூற்றைத் தாண்டிப் போனது.

சில்லு ஒழுகவில்லை.
அதைப் பலகையில் பற்றவைத்த அன்று
அவசரத்தில் ஓரமாய்ப் பதிந்த என் கட்டைவிரல்,
அதன் உப்பும் பிசுக்கும்
இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே
ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தது.
என் ஈர மூச்சு போய் அதில் தண்ணீர் பாய்ச்சியது.

மூன்று வாரம் திருடனைத் தேடினேன்.
கிடைத்த கைரேகை
என்னுடையது.

ஆல்கஹாலில் தோய்த்த பழைய டூத்பிரஷ்.
பிறகு வெப்பக் காற்று, பிறகு பொறுமை.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
சிரிப்பு வந்தது; காது மடல் சுட்டது.
அறிக்கையில் "பலகையில் மாசு" என்று எழுதினேன்.
யாருடையது என்று எழுதவில்லை.
மறுநாள் காலை ஒலெக்சாந்த்ரா ஒன்றும் பேசாமல்
என் மேசையில் ஒரு பெட்டி கையுறையை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம், பனி இளகும் மார்ச்சில்
தோப்புக்குப் போனோம்.
முந்தின வாரம் அணில் கடித்த குழாயைக் காட்டினார் டங்கன்.
கடித்த கால்மணி நேரத்தில் போன் அலறியதாம்.
எங்கள் சாதனம் எந்த மரத்தில் என்று கேட்டேன்.
தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார்,
இரண்டு மரம் சுற்றி வந்தார்.
"எங்கேயோ அந்தப் பக்கம்" என்றார்,
கொதிக்கும் பாகைப் பார்க்க ஓடிவிட்டார்.

திரும்பும் வழியில் ஒலெக்சாந்த்ரா வண்டி ஓட்டினாள்.
ஆல்மான்ட் வருமுன்பே
நான் தூங்கிவிட்டேனாம்,
இரண்டு காதையும் மூடிக்கொண்டு.