இடப்பக்கம்

என் வலக்கன்னத்துக்கு ஐம்பத்து மூன்று வயது.
இடக்கன்னத்துக்கு அறுபது தாண்டிவிட்டது.
இரண்டும் ஒரே நாளில் பிறந்தவைதான்.

பேருந்தில் என் ஜன்னல் இடப்பக்கம்.
காலையில் தெற்கே, யோங்டோ தீவின் முனைக்கு;
அப்போது கிழக்கு இடப்பக்கம்.
மாலையில் வடக்கே, பூசான் ரயிலடிக்கு;
அப்போது மேற்கு இடப்பக்கம்.
இருபத்திரண்டு வருடமாக
எந்தத் திசையில் போனாலும் சூரியன்
என்னை ஒட்டியே உட்கார்ந்து வருகிறான்.
ஒருநாளும் கார்டு தட்டியதில்லை.

மருந்துக்கடை குவாக் சின்னக் குழாய் ஒன்றை நீட்டினார்.
பட்டாணி அளவு, இரவில் மட்டும்.
எத்தனை நாளில் தெரியும் என்றேன்.
"பன்னிரண்டு வாரம். அதற்குள் வந்து கேட்காதீர்கள்."
வண்டி மூன்று நிமிடம் பிந்தினால்
கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிற மனிதர்.

விலையைப் பார்த்தபின்
இடக்கன்னத்துக்கு மட்டும் பூசுவதென்று வைத்துக்கொண்டேன்.
வலது, சாட்சியாக இருக்கட்டும்.

முதல் வாரம் எரிந்தது.
இரண்டாவது வாரம்
ஈரச்சுவரின் சுண்ணாம்பு போலப் பொருக்கு விட்டது.
மீன்பெட்டியோடு ஏறும் பில்-சூன்
"யாரோடு சண்டை அக்கா?" என்றாள்.
நான்கு, ஐந்து, ஆறு: ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை
ஞாயிறுதோறும் பணிமனைக் கழிப்பறை விளக்கடியில்
கைப்பேசியில் படம் பிடித்தேன்.
எடுத்தேனே தவிர, திறந்து பார்க்கவில்லை.

எட்டாவது வாரம் பொறுக்கவில்லை, பார்த்தேன்.
படத்தின் இடப்பக்கம்
கோடு மெலிந்து, நிறம் தெளிந்து,
வலதை முந்திக்கொண்டு போயிருந்தது!
அன்று, ஓடிவந்த ஒரு பையனுக்காக
நாற்பது வினாடி கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
யாரும் நம்பமாட்டார்கள்.

பதினோராவது வாரம், மாற்று ஓட்டுநர் வரத் தாமதம்.
அதே படம். சட்டையில் பெயர்ப்பட்டை.
மேங் ஓக்-நாம்.
எழுத்துகள் நேராக இருந்தன.

கண்ணாடியில் என்றைக்கு
என் பெயர் நேராக இருந்தது?

எடுக்கும்போது கண்ணாடி போலக் காட்டிவிட்டு
சேமிக்கும்போது திருப்பிப்போடுகிறது இந்தச் சனியன்.
மூன்று வாரமாக நான் மெச்சியது
மருந்தே படாத கன்னத்தை.
சாட்சிக்காரி பரிசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

நிஜமான இடதைத் தேடினேன்.
கண்ணுக்குக் கீழே காசளவு கறை.
முதல் ஞாயிறும் இருக்கிறது, போன ஞாயிறும் இருக்கிறது.
விளிம்பு கொஞ்சம் கரைந்திருக்கிறதோ?
பெரிதாக்கினால்
முகம் சதுரம் சதுரமாக உடைகிறது.

மறுநாள் முதல் வண்டி. இன்னும் இருட்டு.
நிறுத்தத்தில் குவாக்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
"நான்கு நிமிடம் பிந்தி."
"பன்னிரண்டு வாரம் ஆகும்" என்றேன்.
"அதற்குள் வந்து கேட்காதீர்கள்."

சிரித்தாரா என்று பின்கண்ணாடியில் பார்ப்பதற்குள்
பாலம் வந்துவிட்டது.
கப்பல் பட்டறைகளுக்கு மேலே
அவனும் ஏறினான்,
வழக்கமான இடத்தில்.