முழுக்கூலிக் கோல்

சூலூருக்குக் கிழக்கே
எங்கள் சோளக்காட்டை ஏரோப்ளேனுக்கு எடுத்துக்கொண்ட வருஷம்
அக்காளுக்குப் பதினாலு.
எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ;
கணக்கு வைத்திருந்தவர் அப்பன்,
அவரோடு அதுவும் போயிற்று.

காட்டுக்குக் காசு வரும் என்றார்கள்.
வருகிறவரைக்கும்
அதே காட்டில் கல் சுமக்கலாம் என்றார்கள்.

வேம்பு நின்ற இடத்தில்
மேஸ்திரி ஒரு மூங்கில் கோலை நட்டிருந்தான்.
அதில் காவியால் ஒரு கோடு.
தலை கோட்டைத் தொட்டால் ஆறணா,
தொடாவிட்டால் மூணணா.
வயசை யாரும் கேட்கவில்லை.

முந்தின ராத்திரி மாராத்தாள்
கொண்டையை உச்சிக்கு ஏற்றிக் கட்டிப் பார்த்தாள்.
அண்ணன் விட்டுப்போன துண்டைச் சுருட்டி
அதற்குள் வைத்துப் பார்த்தாள்.
இன்னும் இரண்டு விரல்கடை.

காலையில் கோலடியில்
புழுதிக்குள் குதிகாலைத் தூக்கி நின்றாள்.
காய்ச்சலில் கிடந்த அம்மாவின் சேலை
பாதத்தை மூடியிருந்தது.
கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, எங்கே பிடித்தாளோ.

"கலியாணமாச்சா அம்முணி?"
"ஆச்சுங்க."
"ஊட்டுக்காரன்?"
"பர்மாவுல, பட்டாளத்துலீங்க."
அண்ணன் வெள்ளியங்கிரியைத்தான் சொன்னாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
விலாவில் இடித்தாள்.

எங்களூர் ஆட்கள் வடகோடியில்.
இந்தப் பக்கமெல்லாம் தாராபுரம், பல்லடத்துப் பொம்பளைகள்.
சும்மாட்டை இறக்கும்போதெல்லாம் கேட்பார்கள்:
உம்பட ஊட்டுக்காரன் கடுதாசி போட்டானா?
என்ன சோறு பிடிக்கும்? அடிப்பானா?
அவள் பதில் சொன்னாள்.
ராத்திரி எனக்கும் ஒப்பிப்பாள், பேச்சு மாறக்கூடாதென்று:
கொள்ளுப் பருப்பு, நெய் சேர்த்து.
இடது புருவத்தில் தழும்பு.
ஒரே ஒரு தடவை கையோங்கினான், அடிக்கவில்லை.
தழும்பு அண்ணனுடையது.
மற்றதெல்லாம் யாருடையதோ.

புரட்டாசியில் கிணற்றைத் தூர்த்தோம்.
முப்பது ஆள், ஒன்பது நாள்.
கவலைக்கல்லை உள்ளே புரட்டிவிட்டபோது
"இத்தோட கவலை தீந்துது" என்று யாரோ சொல்ல
எல்லாரும் சிரித்தார்கள்.
அக்காளும்.
அந்தத் தண்ணீரில்தான் அவள் நீச்சல் பழகியது.

தந்தி வேலைக்காட்டுக்கே வந்தது.
மேஸ்திரிதான் படித்தான்.
படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை,
அவளைப் பார்த்தான்.

பொம்பளைகள் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள்.
நான் வாயைத் திறந்தேன்,
அவள் ஒரு பார்வை பார்த்தாள்.
அன்றைக்கு வெள்ளி. மறுநாள் கூலி நாள்.
வளையல்களை ஜல்லிக்குவியலில் வைத்து உடைத்தார்கள்.
கயிற்றை அறுத்தார்கள்.
கட்டாத தாலிக்கு, இல்லாத புருஷனுக்கு
தாராபுரமும் பல்லடமும்
நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதன.
நடுவில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.
அதில் எவ்வளவு நிஜம் என்று
அண்ணனை இழந்த எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஆறு நாளைக்கு முப்பத்தாறணா வாங்கினாள்.
எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள்.

தைக்குள் தளம் முடிந்தது.
முதல் விமானம் இறங்கியபோது எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.
அவள் மட்டும் தரையில் ஓரிடத்தையே பார்த்திருந்தாள்,
கிணறு உள்வாங்கிவிடுமோ என்பதுபோல.
உள்வாங்கவில்லை. நன்றாகவே மூடியிருந்தோம்.

ஆட்களைக் கழிக்கிற நாளில்
கோல் சாய்ந்து நின்றது, கோடு பாதி அழிந்து.
மாராத்தாள் போய் அதை நிமிர்த்தி
முதுகை ஒட்டி நின்றாள்.
குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.
கொண்டை கழுத்தோடு கிடந்தது.
கோடு அவள் நெற்றிக்குக் கீழே.

நானும் போய் நின்றேன்.
நாலு விரல்கடை மிச்சம்.
பெருவிரலை ஊன்றப் போனேன்.

"எம்பாதடா" என்றாள்.
"மூணணா போதும்."