பதினெட்டுச் செக்கன்

செங்கல் இரண்டு, றப்பர் பாண்ட் ஒன்று.
இதுதான் என் முக்காலி.
முத்தையன்கட்டு வாய்க்கால் வரம்பில்
போனைச் சாய்த்து வைத்துவிட்டு
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
கல்லில் இருக்கிற போனுக்கு
என் மூச்சால் என்ன என்று கேட்காதீர்கள்.
பதினெட்டுச் செக்கன்தானே.

முதல் மாதம் பதினொன்று அனுப்பினேன்.
பதினொன்றும் திரும்பின.
விடியமுன் எடுத்த கொக்குக்கு
இரைச்சல் அதிகம் என்று எழுதியிருந்தது.
கொக்கு வாயே திறக்கவில்லை என்று
போன் கடை யசோதரனோடு சண்டைக்குப் போனேன்.
இருட்டில் மணல் மணலாய்த் தெறிக்கும் புள்ளிக்கு
அங்கே அதுதான் பெயராம்.

உண்மையான சத்தத்தை
முழுதாய் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.
எடுத்துவிடுகிறேன்.
தண்ணிப் பம்பு, மயில்,
ஆட்டைப் பேசுகிற சாக்கில்
மருமகளைப் பேசுகிற பூரணமக்கா,
விரலால் ஒரு தட்டு, எல்லாம் அடங்கிவிடும்.

அக்கா கச்சான் உடைக்கும் கை மட்டும் ஒரு படம்.
முகம் இல்லை. ஆனாலும் ஒப்புதல் கேட்டது.
"என்ரை விரலுக்கு நானே
கையெழுத்து வைக்கவேணுமோடி?"
வைத்தா,
கோது தூசி ஒட்டிய பெருவிரலால்
கண்ணாடியில் இழுத்து இழுத்து.

போனில் இடம் முடிந்தபோது
கட்டாரிலிருந்து இவர் அனுப்பிய குரல்களில்
சண்டை பிடித்தவற்றை மட்டும் தேடி அழித்தேன்.
நாலு படத்துக்கு இடம் கிடைத்தது.

தையில் எடுத்தது அந்தப் புல்வெளி.
மாரி முடிந்து இடுப்பளவு புல்,
காற்று ஒரு பக்கமாய்க் கோதிவிட,
தும்பிகள், பின்னால் தனிப் பாலைமரம்.
எனக்கே நம்பமுடியாத வடிவு.
அதுவும் திரும்பி வந்தது.
இடது மூலையில் எழுத்தும் அடையாளமும் தெரிகிறதாம்.
மண்டையோட்டுச் சிவப்புப் பலகை.

பலகைக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தால்
பலகை விழாது என்றான் யசோதரன்.
சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அந்தப் பக்கம் போகாதே என்பதற்குத்தானே பலகை.

இரண்டு விரலால் இழுத்து
மூலையை வெட்டினேன்.
அடுத்தது சொற்கள். நாற்பத்தொன்பது, ஆங்கிலத்தில்.
என்னிடம் இருந்தது பன்னிரண்டு.
மிச்சத்தைப் போனே தந்தது:
அமைதி, புத்துணர்ச்சி, விடுமுறை,
காலடி படாத இயற்கை.
கடைசிச் சொல்லில் விரல் நின்றது.
பிழை என்றும் சொல்லமுடியாது.
விட்டுவிட்டேன்.

இரவு டேட்டா பன்னிரண்டுக்குத் தொடங்கும்.
கவரேஜ் வீட்டில் ஒரு கோடு, குளக்கட்டில் மூன்று.
யானைக்கு வெடி போடுகிற பெடியள்
ஒருதரம் என்னையும் யானையென்று நினைத்தார்கள்.
தொண்ணூற்றிரண்டு வீதத்தில் அறுந்து
மறுபடி ஒன்றிலிருந்து.

வைகாசியில் விற்றது.
முப்பத்தெட்டுச் சதம், டொலரில்.
யாரோ, எந்த நாடோ.
பச்சைத் துணிக்கு முன்னால் ஓடவிட்ட ஒரு பிள்ளையை
வெட்டி எடுத்து
"உங்கடை புல்லிலை ஒட்டுவாங்கள் அக்கா,
பால்மாவோ, சப்பாத்தோ, ஏதோ விளம்பரம்"
என்று விளக்கினான் யசோதரன்.

அன்றிரவு நித்திரை இல்லை.
ஒட்டின பிள்ளைக்குப் பாரம் கிடையாது,
அது எனக்குத் தெரியும்.
என்றாலும் எழும்பி
வெட்டாத படத்தைத் திறந்து
மூலையில் பலகை நிற்கிறதா என்று பார்த்தேன்.

நின்றது.

இப்போது தாமரைக் குளம் ஏறிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தேழு வீதம்.