எண்ணும் வேலை

ஆமர் வீதிச் சந்தி. காலை ஆறரை.
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை,
உள்ளங்கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி.
பெருவிரலால் அழுத்தினால் டிக்.
நாள் சம்பளம். மத்தியானச் சோறு நம்முடையது.

படிவத்தில் எட்டுக் கட்டங்கள்:
பஸ், கார், வேன், லொறி, ஓட்டோ,
மோட்டார் சைக்கிள், சைக்கிள், ஏனையவை.

நூற்றைம்பத்தைந்து வருகிறது, இடப்பக்கம் சாய்ந்து.
மிதிபலகையில் நாலு பேர்,
உள்ளே எண்பதோ தொண்ணூறோ.
டிக். ஒன்று.
பின்னால் ஒரு கறுப்பு ஜீப், கண்ணாடி ஏற்றி,
குளிருக்குள் ஒற்றை மனிதர்.
டிக். அதுவும் ஒன்று.

"இரண்டும் ஒன்றா, சேர்?" என்று கேட்டேன்.
மேற்பார்வைக்கு வந்த பொறியியலாளர் அருளானந்தன்
கைபேசியிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"தங்கச்சி, நீங்கள் எண்ணினால் போதும்.
எண்ண வேண்டாம்."

தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியிராது.
எனக்கு விளங்கியது.
அன்றிலிருந்து இரண்டையும் செய்கிறேன்.

போன மாதம் பொதுமக்கள் கருத்துக்கென்று
ஒரு மண்டபத்தில் வரப்போகும் நகரத்தை
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.
பச்சைப் பஞ்சில் மரம், நீலத் தகட்டில் கடல்,
தூண்களின் மேல் நூலாக ஒரு ரயில் பாதை.
விரல் நகமளவு வெள்ளை மனிதர்கள்
சோடி சோடியாக நடந்தார்கள்.
ஒருவர் கையிலும் பையில்லை.
ஒருவரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை.

எதிர்ப்பக்கம் எண்ணுகிற துவான் சப்ரின்
கொம்பனித்தெருக்காரன். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
தன் ஒழுங்கை இருந்த இடத்தில் குளமொன்றைக் கண்டுபிடித்தான்.
"எங்கட குசினியில வாத்து நீந்துது, பாரு."

கருத்து எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
எழுதினேன்:
தரிப்பிடத்துக்குக் கூரை போடுங்கள்.
வீதியில் ஒரு ஒழுங்கை பஸ்ஸுக்கு மட்டும் விடுங்கள்.
கோபுரத்தைப் பிறகு பார்ப்போம்.

கோடில்லாத மறுபக்கத்திலும் எழுதினேன்.
பன்னிரண்டாம் மாடிக்கு அனுப்பிய பெர்னடெற் அக்கா
மீன் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று கேட்கிறா.
லிப்ட் பழுதான நாட்களில் அவ விற்கப் போவதில்லை.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக்?

கட்டிடமே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான்.
துறைமுகப் பக்கம், பின்னேர வெயில்
கண்ணாடிச் சுவர்களில் வழிந்து இறங்கும்போது
நானும்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.
ஆனால் வருமென்ற ரயிலுக்கு மண் சோதித்த குழி
நடைபாதையில் இன்னும் இருக்கிறது.
பதினான்கு என்று மஞ்சளில் இலக்கம்.
அதன் மூடியில் குந்தி ஒருவர்
மிளகாய்த்தூள் தூவி அன்னாசி விற்கிறார்.
அந்தத் திட்டத்தால் இதுவரை பயன்பட்டவர்
எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்கு இடமிருக்கு!"
கொண்டக்டர் கத்துகிறார்.
முன்னுக்கு மூச்சுவிட இடமில்லை.
நகரத்தைத் திட்டமிடுகிறவர்களும்
இவரிடம்தான் படித்திருக்க வேண்டும்.

நடப்பவர்களுக்குக் கட்டமில்லை.
வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள்,
தலையில் துணிமூட்டையோடு ஒருத்தி,
சக்கர நாற்காலியை நடைபாதையில் ஏற்ற முடியாமல்
லொறிகளோடு லொறியாய் வீதியில் தள்ளிப்போகும் மகன்.
எல்லாரையும் ஏனையவைக்குள் போட்டேன்.

மாலையில் அருளானந்தன் சேர் படிவத்தைப் பார்த்தார்.
"ஏனையவை நாலாயிரத்து நூற்றிப் பதினேழு?
அப்படி என்ன வாகனம்?"
"செருப்பு, சேர்."

அழித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார், தெரியும்.

மட்டக்குளிக்கு நூற்றைம்பத்தைந்தைப் பிடித்தேன்.
மிதிபலகையில் ஒரு கால், மற்றது காற்றில்.
சந்தி திரும்பும்போது
நான் விட்டுவந்த கதிரையில் இரவு முறைக்காரன்
எங்களைப் பார்த்தான்,
பெருவிரலை அழுத்தினான்.
ஒன்று.