தெற்றுப்பல்

குவோப்பியோவில் எந்த வீட்டுக்குப் போனாலும்
கழுவுதொட்டிக்கு மேலே ஓர் அலமாரி இருக்கும்.
அதற்கு அடித்தட்டு கிடையாது, வெறும் கம்பிகள்.
தட்டுகள் உள்ளே சாய்ந்து நின்று
யார் கண்ணிலும் படாமல் உலரும்.
போத்தல்களுக்கு அப்படியொரு வீடு இல்லை.
நிமிர்த்தி வைத்தால் அடியில் தேங்கும்.
கவிழ்த்து வைத்தால்
பாதி ராத்திரியில் ஒன்று சாயும்,
அதைக் கேட்டு மற்றதெல்லாம் சாயும்.

அக்டோபரில் அடைத்த பியர்
நவம்பரில் காடியாகப் புளித்தது.
இல்போ மோந்து பார்த்தார், கொட்டினார்,
காலிப் போத்தலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
அடியில், நகக்கண் அளவு, சாம்பல் பூஞ்சை.
காய்ச்சுவது அவர். கழுவுவது நான்.
(என் தம்பி மனைவியின் அண்ணன்;
சுருக்கமாகச் சொன்னால், எதிர்வீடு.)
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இருபத்திரண்டு வருஷம் பல் பிடுங்கியவள்
ஜனவரியில் பல் நட உட்கார்ந்தேன்.
ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு.
மனிதருக்கு முப்பத்திரண்டு போதும்,
பியருக்கு நாற்பத்தெட்டு.

பலகை, உடைத்த படகொன்றின் இருக்கை.
முளைகளுக்குத் துடைப்பக்கட்டை ஆறு வாங்கி
அறுத்து, உப்புத்தாள் போட்டு, முனை உருட்டி,
எல்லாம் முடிந்த பிறகுதான்
போத்தல் வாயில் விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் போகிற இடத்தில் உலக்கை.
கடைக்குத் திரும்பிப் போய்
பன்னிரண்டு மில்லிமீட்டர் பிர்ச் குச்சி கேட்டேன்.
கல்லாவில் இருந்த பெண் ஏன் என்று கேட்கவில்லை.
இங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
அன்றைக்கு மட்டும் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முதல் வரிசையை நேராகத் துளைத்தேன்.
மாட்டிய போத்தல் மல்லாந்து படுத்துக்கொண்டது,
தோளில் தண்ணீரை வைத்துக்கொண்டு.
பலகையைத் திருப்பினேன்.
அந்த எட்டுக் குழிகளும் இப்போது சுவரைப் பார்க்கின்றன,
எனக்கும் சுவருக்கும் மட்டும் தெரியும்.

பிறகு ஓர் ஆப்பு சீவி
டிரில்லுக்கு அண்டைக் கொடுத்தேன்,
ஒவ்வொரு முளையும் கொஞ்சம் அண்ணாந்து நிற்கும்படி.
அதே சத்தம்தான்.
பழகிய, மெல்லிய, எரிச்சலூட்டும் சத்தம்.
அதற்கு யாரும்
நாற்காலியின் கையை இறுக்கிப் பிடிக்காத
முதல் நாள் அது.
ஊசி வேண்டாம். வாயை அகலத் திற என்று கெஞ்ச வேண்டாம்.
மரத்தூள் மடியில் விழுந்தது, சூடாக.

நாற்பத்து மூன்றாவதில் ஒரு கணு.
டிரில் வழுக்கி, குழி இடப்பக்கம் கோணிவிட்டது.
அடைத்து மறுபடி துளைக்கலாம்.
பசை பக்கத்திலேயே இருந்தது.
கோணலாகவே முளையை இறக்கி
ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.
எத்தனை பிள்ளைகளுக்குக் கம்பி கட்டியிருப்பேன்,
சிரித்தால் அழகாயிருந்த எத்தனை தெற்றுப்பல்லுக்கு.

சனிக்கிழமை, சவுனாவின் முன்னறையில் மாட்டினேன்.
இல்போ நாற்பத்தாறு போத்தல்களோடு வந்தார்,
பனிக்கட்டியில் இரண்டை உடைத்துவிட்டு.
ஒவ்வொன்றாகத் தலைகீழாகச் செருகினார்.
கோணல் முளைக்கு வந்ததும் நின்றார்.
போத்தலை மாட்டினார். அது மட்டும் கதவைப் பார்த்தது.
"இவனுக்கு யாரோ வரவேண்டியிருக்கிறது" என்றார்.

நவம்பருக்குப் பிறகு
அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

மீதி இரண்டு முளைகளில்
தன் நனைந்த கம்பளிக் கையுறைகளை மாட்டிவிட்டு
வெந்நீர் அறைக்குப் போனார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
கீழே வைத்த தகரத் தட்டில்
முதலில் எல்லாம் சேர்ந்து சொட்டின.
பிறகு அங்கொன்று, இங்கொன்று.
பிறகு எண்ண முடிகிற அளவுக்கு.
பிறகு ஒன்று.
அடுத்தது வரும் என்று
துண்டைத் தோளில் போட்டபடி
இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
கையுறையில் இருந்துதான் வந்தது.